சக்கரம் தட்டியவரின் மன்றாட்டு மாலை

உர்சுலா ஒரே கலியாணத்தில் இரண்டு தடவை சம்மதம் சொன்னவள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அவளைக் கேலி செய்ய நினைப்பவர்கள் புதிதாக எதையும் யோசித்துச் சிரமப்பட மாட்டார்கள். இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள்.

நடந்தது 1962-இல், கிள்ளானில். பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை இருதயம் நிற்கிறார். இரவல் கோட்டு, தோள்பட்டையில் கொஞ்சம் பெரிது. "இந்தப் பெண்ணை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று ஃபாதர் கேட்கிறார். இருதயத்துக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். "ச" என்று தொடங்கினார். தொடங்கிய எழுத்து அங்கேயே நின்றுவிட்டது. மறுபடியும் "ச". கழுத்து நரம்பு புடைக்கிறது. நெற்றியில் வேர்வை அரும்புகிறது. கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு மனசு மாறிவிட்டதோ என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதற்கு மேல் உர்சுலாவால் தாங்க முடியவில்லை. முக்காட்டை ஒதுக்கிவிட்டு, "சம்மதம், ஃபாதர்," என்று சொல்லிவிட்டாள்.

"உன்னை இன்னும் கேக்கலம்மா. அவரைத்தான் கேட்டேன்," என்றார் ஃபாதர்.

கோயில் முழுக்கச் சிரிப்பு. இருதயம் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார். தலையாட்டினாலும் செல்லும் என்று ஃபாதர் முடிவு செய்து மேலே போனார். பிறகு உர்சுலாவின் முறை வந்தது. அவள் இன்னொரு தடவை சம்மதம் சொன்னாள். ஆக, அந்தக் கலியாணத்தில் வாய் திறந்து சொன்ன சம்மதம் இரண்டுமே பெண்ணுடையதுதான்.

அன்று தொற்றிய பழக்கம் அவளை விடவே இல்லை. மளிகைக் கடையில் இருதயம் "ப" என்பதற்குள் அவள் "பருப்பு அரைக் கிலோ" என்பாள். மகன் கிரிகரியின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்பாவைப் பார்த்துக் கேட்பார். அம்மாவிடமிருந்து பதில் வரும். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டாலும் அவள்தான். முடி வெட்டும் கடைக்கு மட்டும்தான் மனுஷன் தனியாகப் போனார். அதனாலோ என்னவோ, சீக்கிரம் திரும்ப வேண்டியவர் அங்கே போனால் வீட்டையே மறந்துவிடுவார்.

இதை அவள் கெட்ட எண்ணத்தில் செய்தாள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவர் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கிரிகரி சின்னப் பிள்ளையாக இருந்த சமயம், வேலை இடத்துக் கூட்டம் ஒன்றில் இருதயம் எழுந்து நின்று ஏதோ சொல்லப் பார்த்தார். பின்னாலிருந்து இரண்டு விடலைகள் அவர் திக்குவதை அப்படியே செய்து காட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். என்ன சொல்லப் போனீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. இனிமேல் இந்த மனுஷனைப் பார்த்து எவனும் சிரிக்கும்படி விடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வேலையும் அவர்களுக்கு அப்படியே அமைந்தது. இருதயம் ரயில்வேயில் சக்கரம் தட்டுபவர். வண்டி வந்து நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு பெட்டி பெட்டியாகக் குனிந்து நடப்பார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்டது தொண்டை கட்டியது போல 'டொக்' என்னும். காது இருந்தால் போதும், வாய் வேண்டாம். உர்சுலாவின் வேலை நேர் எதிர். மெயின் ரோட்டில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுபவள். "சபாபதி, வாங்க," என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், தெருவின் எதிர்ப்பக்கம் காய்கறிக் கடை வைத்திருக்கும் சபாபதி, தனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒரு நிமிஷம் திடுக்கிட்டுப் போவார். வேறு எந்தச் சபாபதியையோ கூப்பிட்டிருப்பாள்.

இருதயத்தின் நாக்கு சிக்காமல் ஓடிய ஒரே இடம் செபமாலை. அக்டோபர் மாதம் மாதா சுரூபம் குவாட்டர்ஸில் வீடு வீடாகப் போகும். போகிற வீட்டில் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்வார்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பின்பாதியைச் சொல்ல வேண்டும். அந்தப் பின்பாதியில் இருதயம் மழைத் தண்ணீர் போல ஓடுவார். கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போது திக்குவாய் எங்கே போய் ஒளியுமோ தெரியாது. முன்பாதி சொல்லும் முறை ஆளுக்கு ஆள் மாறி அவரிடம் வரும்போது, பழக்கப்படி உர்சுலா எடுத்துக்கொள்வாள். கடைசியில் மன்றாட்டு மாலை. பக்கத்து வீட்டு ஜோசஃபின் மாதாவின் பட்டங்களை, 'விடியற்காலத்தின் நட்சத்திரமே' என்பது போல, ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாள். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். நாள் பூராவும் வேலை செய்த சனம். பாதிப் பேர் கண் சொக்கித்தான் இருப்பார்கள். ஆனாலும் ஒரு பட்டம் முடிந்து ஓர் இடைவெளி விழுந்தால் போதும், தூக்கத்திலும் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும்.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கிரிகரி வளர்ந்து, துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பண்டமாரானில் குடியேறிவிட்டான். வீட்டில் பேசுவதற்கு ஒருத்தி, கேட்பதற்கு ஒருவர்.

1985-இல் ஒரு நாள் சாயங்காலம் யோகநாதன் வாசலில் வந்து நின்றான். சிவசம்பு மாஸ்டரின் மகன், தபால் நிலையத்தில் வேலை, எந்த நேரமும் எதையாவது நடத்திக்கொண்டே இருப்பவன்.

"ஆன்டி, திடல்ல கலை விழா நடத்துறோம். டிக்கெட் இல்ல, எல்லாமே ஃப்ரீ. டான்ஸ், நாடகம், படம் வரையறது எல்லாம் இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கவிதை. யாரு வேணும்னாலும் மைக்ல வந்து சொல்லலாம். தமிழோ மலாயோ இங்கிலீஷோ, எதுன்னாலும் ஓகே."

"ஃப்ரீயா? சாப்பாடு யாரு போடுறா?"

"சாப்பாடு இல்ல ஆன்டி. கவிதைதான்."

"சாப்பாடும் இல்ல, பாட்டும் இல்ல. வெறும் பேச்சைக் கேக்க யாரு லா வருவா?"

பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த இருதயம் நிமிர்ந்தார். "நான்..." என்றார். அதற்கு மேல் ஓடவில்லை.

"நாற்காலி தூக்க வரேன்னு சொல்றாரு தம்பி," என்றாள் உர்சுலா. "கோயில்ல நாற்காலி வைக்கிற ரூம் சாவி இவருகிட்டதான் இருக்கு. நீ ஒண்ணும் கவலைப்படாத."

யோகநாதன் அங்கிளுக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். கோயிலில் கலியாணமோ சாவோ எதுவானாலும் நாற்காலி போடுவதும் மடக்குவதும் இருதயம்தான். அதனால் அவள் சொன்னதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உர்சுலா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது இருதயம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். வீட்டில், அவளிடம் மட்டும், நிதானமாகப் பேசினால் அவருக்குப் பேச்சு வரும்.

"நான் நா... நாற்காலி சொல்லல," என்றார்.

"பின்ன?"

"நானும் ஒண்ணு சொல்றேன்னு சொ... சொல்ல வந்தேன்."

"என்னா சொல்லப் போறீங்க?"

"கவிதை."

அந்தச் சொல் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. உர்சுலாவுக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. தட்டைக் கீழே வைத்தாள்.

"எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதல. சக்கரம் தட்டுறப்ப வரும். ஒரு தட்டு, ஒரு வரி. வ... வருஷக்கணக்கா இருக்கு."

"சரி, சொல்லுங்க. கேப்போம்."

"இங்க இல்ல. அங்க."

மறுநாளே அவர் வேலை முடிந்து நேராக யோகநாதனின் வீட்டுக்குப் போய்த் தன் பேரைக் கொடுத்துவிட்டு வந்தார். துணைக்கு யாரையும் அழைத்துப் போகவில்லை. அன்று சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். உர்சுலா தன் தட்டை ஒதுக்கி வைத்தாள். அந்த விடலைகளின் சிரிப்புத்தான் காதில் கேட்டது. அது ஒரு சின்னக் கூட்டம். இதுவோ திடல், மைக் வேறு, ஊரே வந்து நிற்கும். ஃப்ரீ என்று வேறு சொல்லிவிட்டார்கள், சிரிக்க வருகிறவனுக்கும் காசு செலவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தபால் நிலையத்துக்குப் போய் யோகநாதனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, அங்கிளுக்கு அன்னிக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்க. அவரு பேரைக் கூப்பிட வேணாம்."

யோகநாதனின் முகம் வாடிவிட்டது. "அவரே வந்து சொன்னாரே ஆன்டி. ரொம்பக் கஷ்டப்பட்டு முழுசா சொன்னாரு. நான் கேட்டுக்கிட்டே நின்னேன்."

"என்னா செய்யிறது, வேலை அப்படி."

பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கூப்பிட மறந்துவிட்டார்கள் என்று மனுஷன் நினைத்துக்கொள்வார், உள்ளுக்குள் அப்பாடா என்றும் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானமே இருதயம் கோயில் நாற்காலிகளை வண்டியில் ஏற்றி, திடலில் வரிசையாகப் போட்டார். இரண்டு லோரிகளைப் பின்பக்கம் ஒட்டினாற்போல நிறுத்தி, மேலே பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். சுத்தியலை ஒரு துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெறும் பேச்சைக் கேட்க யார் வருவார்கள் என்று கேட்டவள் திடலைப் பார்த்து அசந்துபோனாள். குவாட்டர்ஸே திரண்டு வந்திருந்தது. இந்துக் கோயில் தெருக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடையை மூடிவிட்டு வந்த சீனர்கள், ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டவர்கள். நாற்காலி போதாமல் புல்லில் பாய் விரித்திருந்தார்கள். காய்கறிக் கடை சபாபதி நெற்றி நிறையத் திருநீற்றோடு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். பக்கத்தில் ஜோசஃபினும் கோயில் பெண்களும். அவர்களோடு உர்சுலா உட்கார்ந்தாள். இருதயம் மேடைக்கு ஓரமாக, கூப்பிட்டால் ஏறுவதற்கு வசதியான இடத்தில் நின்றுகொண்டார். மேடை விளக்கு கண்ணில் அடித்ததால், மேலே நின்ற யோகநாதனுக்கு அவர் தெரியவில்லை.

முதலில் கிள்ளானிலிருந்து வந்த ஒரு கவிஞர் ஏறினார். நன்றாகத்தான் தொடங்கினார், நிறுத்துவது எப்படி என்பதைத்தான் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நடுவில் ரயில் ஒன்று போனது. அவர் ரயிலையும் மிஞ்சிக் கத்திப் பார்த்தார். ரயில்தான் ஜெயித்தது. அடுத்து செராஸிலிருந்து ஒரு சீனப் பெண் இங்கிலீஷில், பக்கத்து வீட்டில் கதை பேசுவதைப் போல, செத்துப்போன தன் அப்பாவின் செருப்பைப் பற்றிச் சொன்னாள். உர்சுலாவுக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியே கண்ணைக் கரிக்க வைத்தது. பிறகு செலாயாங்கிலிருந்து வந்த மலாய் வாத்தியார் ஒருவர். இடி மாதிரிக் குரல். அவர் அந்தக் குரலை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசி வரியைக் காதோடு சொல்வதைப் போலச் சொன்னார். அத்தனை கூட்டமும் அந்த ஒரு வரிக்காக முன்னால் சாய்ந்தது. உர்சுலாவும் சாய்ந்தாள். கையில் ரோமம் எழுந்து நின்றது. தினமும் எத்தனையோ பேசுகிறோம், பேச்சுக்கு இவ்வளவு பலம் உண்டா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

ஆனால் அவளால் அதை முழுசாக அனுபவிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை யோகநாதன் மைக்குக்கு வரும்போதும் இருதயம் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்வார். வேறு பேர் விழும். மனுஷன் கொஞ்சம் தளர்ந்து, மறுபடியும் காத்திருப்பார். ஒரு தடவையாவது அப்பாடா என்று மூச்சு விடுவார் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் விடவில்லை.

கடைசியில் யோகநாதன், "இன்னைக்கு இதோட முடிஞ்சது. எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு நாடகம் இருக்கு, மறக்காம வந்துடுங்க," என்றான்.

இருதயம் துண்டில் சுற்றிய சுத்தியலைக் கீழே புல்லில் வைத்தார். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை எடுத்து மடக்கினார். அடுத்ததையும் எடுத்து மடக்கி, முதல் நாற்காலி மேல் சாய்த்து வைத்தார்.

நாற்காலி தூக்குவார் என்று அவர் வாயில் போட்டது உர்சுலா. இப்போது அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். கோபமோ முறைப்போ இல்லை. பழகிப்போன வேலையைச் செய்கிறவரின் முகம். அத்தனை வருஷமும் தான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. இவரையா, இவர் திக்குவதைப் பார்க்கத் தாங்காத தன்னையா? கூட்டம் எழுந்து பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் எல்லாரும் போய்விடுவார்கள்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லோரிப் படியில் ஏறினாள். "ஆன்டி, என்ன..." என்ற யோகநாதனை ஒதுக்கிவிட்டு மைக்குக்கு முன்னால் நின்றாள். மைக் அவளுக்குத் தேவையே இல்லை.

"எல்லாரும் உக்காருங்க. இன்னும் ஒரு ஆளு இருக்கு. ஷிஃப்டெல்லாம் ஒண்ணும் மாறல, நான்தான் பொய் சொல்லிட்டேன்."

பிறகு, கிளினிக்கில் கூப்பிடுவதைப் போலவே கூப்பிட்டாள்.

"இருதயம், வாங்க."

கையில் மூன்றாவது நாற்காலியோடு அவர் திரும்பிப் பார்த்தார். நாற்காலியை மெதுவாக விரித்துப் பழைய இடத்திலேயே போட்டார். சுத்தியலை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். எதிரே இறங்கிய உர்சுலாவை அவர் பார்க்கவில்லை. அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, சேலைத் தலைப்பின் நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். இந்த வாயை வேறு எப்படியும் நம்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

இருதயம் துண்டைப் பிரித்தார். குனிந்து, லோரியின் இரும்பு விளிம்பில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். அது கணீரென்று எழுந்து திடல் முழுக்கப் போனது. அந்தச் சத்தத்தின் மேலேயே ஏறி முதல் வரியைச் சொன்னார்.

"கிள்ளானுக்குப் போற முதல் வண்டியே."

இன்னொரு தட்டு.

"பனியில நனைஞ்ச இரும்பே."

இன்னொன்று.

"எல்லாரையும் சுமந்தும் பேரு இல்லாத சக்கரமே."

திக்கவில்லை. அவர் நாலாவது தடவை தட்டினார்.

"தூ..."

நின்றுவிட்டது. மறுபடியும் "தூ". கழுத்து நரம்பு புடைத்தது. பீடத்துக்கு முன்னால் பார்த்த அதே முகம், தலை மட்டும் நரைத்திருந்தது. பின்னால் யாரோ கனைத்தார்கள். தூரமே என்றுதான் சொல்ல வருகிறார் என்று உர்சுலாவுக்குத் தோன்றியது. தூரமே, தூரமே, தூரமே. சொல் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. ஒரே ஒரு சொல்தான், எடுத்துக் கொடுத்தால் மனுஷன் பிழைத்துக்கொள்வார். சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் ஜோசஃபின் அந்தத் தப்பைச் செய்தாள். பாவம், காலையிலிருந்து துணி துவைத்துக் களைத்துப்போய், பாதிக் கண் மூடி உட்கார்ந்திருந்தவள். காதில் மூன்று பட்டம் விழுந்தது. பிறகு ஓர் இடைவெளி விழுந்தது. மன்றாட்டு மாலையில் யார் சொல்லைக் கவனிக்கிறார்கள், இடைவெளியைத்தான் கவனிப்பார்கள். ஜோசஃபினின் வாய் தானாகத் திறந்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

தலைமை தாங்கிச் சொல்கிற ஜோசஃபினே சொல்லிவிட்டாள் என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்த கோயில் பெண்கள், குவாட்டர்ஸ் ஆண்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும், யோசிக்காமல், ஒரே குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றார்கள். சொன்ன பிறகுதான் ஜோசஃபினுக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. ஐயோ மாதாவே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் மேடையில் இருதயமும் அதைச் சேர்ந்து சொல்லியிருந்தார். கூட்டத்தோடு கூட்டமாக, முழுசாக, ஒரு தடங்கலும் இல்லாமல். அவர் முகத்தில் என்னவோ அவிழ்ந்தது. சுத்தியலைத் தூக்கித் தட்டினார்.

"தூங்கிக்கிட்டே வேலைக்குப் போற பொம்பளைங்களே."

தூரம் இல்லை. தூரமே இல்லை. உர்சுலா எடுத்துக் கொடுத்திருந்தால் தப்பாகக் கொடுத்திருப்பாள். அவர் மண்டையாட்டி அதையே வைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பெண்கள் மறுபடியும் வாய்க்குள்ளேயே போயிருப்பார்கள். இப்படி இத்தனை வருஷத்தில் எத்தனை போயிற்றோ.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது கூட்டம். இந்தத் தடவை அறிந்தே சொன்னார்கள்.

"துறைமுகத்து உப்பைச் சட்டையில கொண்டு வர்ற பிள்ளைங்களே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

இப்போது சபாபதியும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னதும் இந்துக் கோயில் தெருக்காரர்கள் மொத்தமும் சேர்ந்துகொண்டார்கள். அர்த்தம் புரியாத சீனப் பிள்ளைகள் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே முழங்கினார்கள். மலாய் வாத்தியார் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பதிலும் அலையாக எழுந்து மேடைக்குப் போய், இருதயத்தைத் தூக்கி, அடுத்த வரியில் இறக்கிவிட்டது. அவர் சும்மா நின்றார். ஊர் அவரைப் பேச வைத்தது.

"டிக்கெட் இல்லாம கதவோரம் நின்ன பயமே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"எவனும் தட்டிப் பாக்காத விரிசலே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

உர்சுலாவின் வாயிலிருந்து சேலைத் தலைப்பு எப்போது நழுவியது என்று அவளுக்குத் தெரியாது. மெய் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷனோடுதான் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து வாழ்ந்திருக்கிறாள். சட்டை அளவு தெரியும், குறட்டை தெரியும், கோபம் வந்தால் எந்தக் காது சிவக்கும் என்பதுகூடத் தெரியும். இந்தத் தண்டவாளத்தில் போகிற வருகிற அத்தனை பேரையும் அவர் இப்படி உள்ளே உட்கார வைத்திருந்தது மட்டும் தெரியாது. அவருக்கு முன்னால் முழங்கால் போட வேண்டும் போல அவளுக்கு இருந்தது. அது வெட்கமாகவும் இருந்தது.

இருதயம் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் சிரித்தார்.

"ஆட்டுனா போதும்னு விட்டுட்ட தலையே."

குவாட்டர்ஸ்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? அந்தக் கலியாணக் கதை தெரியாதவர் யார்? சிரிப்பு கிளம்பியது. அவரே கிளப்பிவிட்ட சிரிப்பு. சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். அது அடங்கும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாக ஒரு தட்டு.

"நான் சொல்லாததையெல்லாம் சொல்லிக் களைச்ச வாயே."

திடல் முழுக்கத் திரும்பி உர்சுலாவைப் பார்த்தது. யாரோ அவள் முதுகில் தட்டினார்கள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்று அத்தனை பேரும் அவளைப் பார்த்து, அவளுக்காகவே சொன்னார்கள். அது நன்றியா, புகாரா? அவளுக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும்தான் என்று நான் சொல்வேன். அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள்.

இருதயம் சுத்தியலைத் துண்டில் சுற்றினார். அடுத்து என்ன செய்வது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. கைதட்டுவதா, சிலுவை போடுவதா? நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து வழிய, சபாபதிதான் சத்தமாக "ஆமென்" என்றார். அதற்குப் பிறகுதான் கைதட்டல் எழுந்தது.

கூட்டம் கலைந்தது. இருதயம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார். இந்தத் தடவை உர்சுலாவும் கூட நின்று மடக்கினாள். அவளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவளுக்கு அது புது அனுபவம். யோகநாதன் ஓடி வந்தான்.

"அங்கிள், அடுத்த வருஷமும் நடத்துவோம். நீங்கதான் முதல்ல பேசணும். சம்மதமா?"

இருதயம் நிமிர்ந்தார்.

"ச..."

நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. சுத்தியல் துண்டுக்குள் கிடந்தது. கூடச் சொல்லக் கூட்டமும் இல்லை. "ச..." என்றார் மறுபடியும். யோகநாதன் தவித்துப்போய் உர்சுலாவைப் பார்த்தான். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல் அதுதான். அவள் கையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்தது, பெட்டி பெட்டியாகக் கடந்து போனது, சத்தம் அடங்கியது. அவர் இன்னும் முயன்றுகொண்டிருந்தார். அவளும் நின்றுகொண்டிருந்தாள்.

"ச... சம்மதம்," என்றார் இருதயம்.

கேட்டவன் யோகநாதன். அவர் உர்சுலாவைப் பார்த்துத்தான் சொன்னார்.